நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்

உயர்தரப் பரீட்சையில்
மூளை கட்டளையிடும், தசை கீழ்ப்படியும் என்று எழுதி
பத்துக்கு ஒன்பது வாங்கினேன்.
பிழை.
அந்த ஒன்பதைத் திருப்பிக் கொடுக்கலாம்,
கேட்க யாராவது இருந்தால்.

பாசல் நகரம், ரைன் ஆற்றுப் பக்கம், நான்காம் மாடி.
முட்டை ஓட்டில் காசளவு ஜன்னல் வெட்டுவது என் வேலை.
உள்ளே ஆறு நாள் கோழிக் கரு,
உடம்பில் கண்தான் பெரிது.
அதன் முண்ணாணில் இயக்க நரம்பணுக்கள்
வேண்டியதற்கு இரண்டு மடங்காய்ப் பிறந்து நிற்கின்றன.
பத்தாம் நாளுக்குள் ஏறக்குறையப் பாதி இருக்காது.
நோய் இல்லை, காயம் இல்லை.
காலின் தசை சுரந்து மேலே அனுப்புவது
எல்லாருக்கும் போதாது, அவ்வளவுதான்.

கால் மொட்டை முன்கூட்டியே கிள்ளிவிட்டால்
அந்தப் பக்கம் அநேகமாக வெறுமை.
இன்னொரு காலை ஒட்டவைத்தால்
சாக இருந்தவற்றில் கொஞ்சம் சாகாமல் நிற்கும்.
குறிப்பேட்டில் 'மூன்றாம் கால்' என்று எழுதும்போதெல்லாம்
மேலதிகாரி ரெகுலா ட்சும்ஸ்டெக் சிரிப்பாள்.
எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

மாசியில், ரயில் நிலைய உணவகத்தில்,
பனிபிடித்த இறைச்சியில் வழுக்கிய கத்தி
குலசிங்கத்தின் வலது முன்கையில் இறங்கியது.
தைத்தார்கள்.
தையல் நரம்பாகாது;
அறுந்த முனை புதிதாய் வளர்ந்து
கட்டைவிரல் மேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்,
நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்.
"பதினொன்றாம் நம்பர் ட்ராம் எவ்வளவோ மேல்" என்றார்
என் கணவர்.

வெள்ளிக்கிழமைகளில் டாக்டர்
விரல் நுனியால் தட்டிக்கொண்டே வருவார்.
சுரீர் என்ற இடத்தில் நரம்பின் நுனி.
அங்கே நீலப் பேனையால் ஒரு கோடு.
அழியக்கூடாது என்று
கையைத் தூக்கிப் பிடித்தபடி குளிக்கிறார்,
பஸ்ஸை மறிக்கிறவர் மாதிரி.

மாதம் முந்நூறு பிராங்க் வவுனியாவுக்குப் போகும்.
யாருக்குக் கல்யாணம், எந்தக் கூரைக்கு ஓடு,
எல்லாம் அங்கே அக்காவின் தீர்மானம்.
இவர் கடைசி நுனி.
அனுப்பாத இரண்டு மாதமும்
அக்கா கிழமை தவறாமல் தொலைபேசி எடுத்தாள்,
காசைப் பற்றி ஒரு சொல் இல்லை.
இது அதுதான் என்று சொல்ல வரவில்லை.
அக்கா சாகமாட்டாள்.

வியாழன் பின்னேரம் இரண்டு தட்டு வைத்தேன்.
ஒன்றில் தசைச் சாறு சில துளி,
மற்றதில் வெறும் ஊட்டநீர்.
சனி காலை
சாறு விட்ட தட்டில் நரம்பணுக்கள் இழை நீட்டி
ஒன்றை ஒன்று தொடப் போயிருந்தன.
மற்றதில் மணல்.
எண்ணிப் பதிந்தேன். கழுவினேன்.

தொடர்பு அறுந்த தசையும் சும்மா கிடப்பதில்லை.
முன்னைவிடக் கூடுதலாய்ச் சுரக்கும்,
வரப்போகிற நரம்புக்கு, வராமல் போகிறதற்கும்.
இதை இரவு அவருக்குச் சொன்னேன்.
"அப்ப இந்த விரல் இப்ப கத்திக்கொண்டிருக்குதா?"
"ஓம்."
"எனக்குக் கேக்கேல்லையே."
சில மாதம்தான் அப்படி, பிறகு குறையும்,
பிறகு தசை இருந்த இடத்தில் கொழுப்பு
என்பதை
நான் சொல்லவில்லை.

கட்டைவிரல் மேடு பள்ளமாகிவிட்டது.
அவர் தூங்கியதும் அதில் என் விரலை வைத்துப் பார்க்கிறேன்,
துடிக்கிறதா என்று.
துடிப்பது என் விரல்தான்.

கடைசிக் கோடு மணிக்கட்டு மடிப்பில் இருக்கிறது.
இன்னும் நாலு சென்டிமீட்டர்.
குசினியில் அவர்
இடக்கையால் வெங்காயம் வெட்டப் பழகுகிறார்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு,
துண்டுக்குத் துண்டு வேறு வேறு அளவில்.